ஊருக்கு என்னத்துக்குச் சொல்லணும்?

மகள் பிறந்த நாற்பத்தைந்தாம் நாள் ஒரு சிற்றிதழில் அவளைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். முதல் கண்டனம் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளியிருக்கும் பெரியப்பாவிடமிருந்து வந்தது. அவர் கட்டுரையைப் படிக்கவில்லை; படித்தவர் சொல்லக் கேட்டிருந்தார். "ஏல, பிள்ளைக்கு ஒரு கொறன்னா வீட்டோட வச்சுக்கிட வேண்டியதுதான? ஊருக்கு என்னத்துக்குச் சொல்லணும்?"

மூன்று வருஷமாக இந்தக் கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. உறவுக்காரர்கள் கண் படும் என்றார்கள். சித்தி, வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருப்பதை நினைவூட்டினாள். நண்பன் அனுதாபம் தேடுகிறாய் என்றான். படித்தவர்கள் குழந்தையின் அந்தரங்கம் என்றார்கள். எல்லாம் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த குழந்தையைப் பற்றிப் பெற்றவர்கள் பொதுவில் எழுதக் கூடாது. எழுதலாம், சில வேளை எழுதியே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

கண் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வீட்டில் ஆச்சி வெள்ளிக்கிழமை தவறாமல் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறாள். அதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. ஆனால் 21ஆம் குரோமோசோம் இரண்டாக இருக்க வேண்டியது மூன்றாக இருக்கிறது. அது கரு உருவானபோதே முடிந்துபோன காரியம். எவர் கண் பட்டும் அது நாலாகாது. ஆச்சியிடம் இந்தப் பெயரைச் சொன்னபோது அவள் கேட்டது வேறு: "டவுன்ல யாருக்கு வந்ததாம்?" திருநெல்வேலிக்காரர்களுக்கு டவுன் என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய நாலு ரதவீதி. 1866இல் இதை விவரித்து எழுதிய ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய டாக்டரின் பெயர் என்று சொன்னேன். "அவரு பிள்ளைக்கா?" என்றாள். இல்லை ஆச்சி என்று சொல்லிச் சிரித்தோம். பிள்ளை பிறந்த பிறகு வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

சித்தியின் கவலை சிரித்து ஒதுக்கக்கூடியது இல்லை. அப்போது என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டுரை வந்த பிறகு, ஏறக்குறைய பேசி முடித்த ஓர் இடம் பதில் சொல்லாமலேயே விலகிப் போனது. அந்த நஷ்டத்தை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஊர் 'பரம்பரை வியாதி' என்று முடிவு கட்டியிருக்கும்; அதை மறுக்க எங்களுக்கு வாய் இருந்திருக்காது. இந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு 95 பேருக்கு வருவது பெற்றோரிடமிருந்து இறங்கி வரும் வகை இல்லை. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது நேரும் தற்செயல். மூன்று நான்கு பேருக்கு மட்டும் அந்த மூன்றாவது குரோமோசோம் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால்தான் பெற்றோரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எந்த வகை என்பதைக் குழந்தையின் ரத்தத்தில் செய்யும் காரியோடைப் பரிசோதனை சொல்லிவிடும். எங்கள் தாளில் '47, எக்ஸ்எக்ஸ், +21' என்று ஒற்றை வரி. அதன் பொருள் என்ன என்பதைத்தான் கட்டுரையில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பிறகு வந்த மாப்பிள்ளை வீட்டார் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அவர்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் பூ வைக்க வந்தார்கள். சொல்லியிருந்ததால்தானே கேட்க முடிந்தது.

"அதெல்லாம் டாக்டர் சொல்லுவாரு, நீ யாரு சொல்ல?" என்று ஒரு கேள்வியும் உண்டு. டாக்டர் எங்களுக்கு எப்படிச் சொன்னார் என்று சொல்கிறேன். அறுவை அரங்குக்கு வெளியே, நடைபாதையில், ட்ராலிக்கு வழிவிட்டு நின்றபடி இரண்டு நிமிஷம். "மங்கோல் பேபி மாதிரி இருக்கு. அம்மாகிட்ட இப்ப சொல்ல வேண்டாம்." மங்கோலிய நாடு கேட்டுக்கொண்டதற்கு இணங்கி உலகச் சுகாதார நிறுவனம் 1965இல் கைவிட்ட சொல் அது, எங்கள் வார்டில் இன்னும் புழக்கத்தில் இருந்தது. சொல்லைக்கூட விட்டுவிடலாம். 'அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்' என்பதுதான் என்னை உலுக்கியது. நான்கு நாள் மனைவியிடம் சொல்லாமல் இருந்தேன். அவளோ இரண்டாம் நாளே குழந்தையின் உள்ளங்கையில் குறுக்கே ஓடும் ஒற்றை ரேகையைப் பார்த்துவிட்டு, நான் எப்போது வாயைத் திறப்பேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

சொல்லாமல் மறைக்கும் இந்த யோசனைக்கு நீண்ட வரலாறு உண்டு. குழந்தைப் பருவத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் எழுதிய உளவியல் அறிஞர் எரிக் எரிக்சனுக்கு 1944இல் பிறந்த மகன் நீலுக்கு டவுன் சிண்ட்ரோம். குழந்தையை நேரே ஒரு காப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, மூத்த பிள்ளைகளிடம் பிறக்கும்போதே இறந்துவிட்டதாகச் சொன்னார். நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் மகன் டேனியலும் டவுன் சிண்ட்ரோமோடுதான் பிறந்தான், 1966இல். அவனும் காப்பகத்தில்தான் வளர்ந்தான். மில்லர் 1987இல் எழுதிய தடித்த சுயசரிதையில் அந்தப் பெயர் இல்லை. அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு பத்திரிகைக் கட்டுரை வழியாகத்தான் பலருக்கு விஷயமே தெரிந்தது. மனசாட்சியைப் பற்றி அவரைவிட நன்றாக எழுதியவர்கள் குறைவு. அதனால்தான் அந்த இடைவெளி கண்ணில் குத்துகிறது.

இப்போது அந்தரங்கத்துக்கு வருகிறேன். எனக்கு வந்த மறுப்புகளில் கனமானது இதுதான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் முத்துமுத்தான எழுத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். உன் துயரத்தை எழுத உனக்கு உரிமை உண்டு, ஆனால் அந்தக் குழந்தையின் உடம்பும் நோயும் அவளுடையவை, நாளை அவள் அதைப் படித்தால் என்ன சொல்வாய் என்பது அவர் கேள்வி. முதலில் அவருக்கு நன்றி. 'அதுக்கு என்ன தெரியப் போவுது' என்று சொன்னவர்களே அதிகம். இவர் ஒருவர்தான் என் மகள் படிப்பாள் என்ற நம்பிக்கையில் எதிர்த்தார். அந்த நம்பிக்கை வீண் இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள நைஜல் ஹண்ட் என்ற ஆங்கில இளைஞர் தன் வாழ்க்கையைத் தானே தட்டச்சு செய்து 1967இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். 1994இல் அமெரிக்காவில் ஜேசன் கிங்ஸ்லி, மிட்செல் லெவிட்ஸ் என்ற இருவர் சேர்ந்து 'கவுன்ட் அஸ் இன்' எழுதினார்கள்.

ஆகவே அவள் படிப்பாள் என்றே வைத்துக்கொண்டு என் நான்கு பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரு வரியில் ஆசிரியர் ஜெயித்துவிட்டார். அவள் பிறந்த இரவு மூன்று மணிக்கு என் மனதில் ஓடிய ஒரு நினைப்பை அப்படியே எழுதியிருந்தேன். நேர்மை என்று அப்போது நினைத்தேன். அது உண்மைதான், ஆனால் அவள் ஒருநாள் கேட்டால் நேரில் உட்கார்ந்து நான் சொல்ல வேண்டிய உண்மை. முன்பின் தெரியாதவர்கள் அவளுக்கு முன்னால் அதைப் படித்துவிட்டார்கள். அந்த வரியை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. அன்றிலிருந்து அவள் பெயரையும் முகத்தையும் எங்கும் வெளியிடுவதில்லை. பிள்ளைகள் குளிப்பதையும் அழுவதையும் வேடிக்கைப் படமாக்கி ஊருக்குக் காட்டும் பெற்றோர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். அவர்கள் விஷயத்தில் ஆசிரியர் சொன்னதுதான் என் தீர்ப்பும்.

ஆனால் அவருடைய வாதம் ஓரிடத்தில் நொண்டுகிறது. எழுதுவதற்குத்தான் சம்மதம் வேண்டும், எழுதாமல் இருப்பதற்கு வேண்டாம் என்று அவர் எடுத்துக்கொண்டார். தன் அப்பாவின் சுயசரிதையில் தனக்கு இடம் வேண்டாம் என்று டேனியல் மில்லர் சொல்லவில்லை. அவனை யாரும் கேட்கவும் இல்லை. பிரெஞ்சுத் தலைவர் சார்ல் டெ கோல், டவுன் சிண்ட்ரோம் இருந்த ஆன் என்ற தன் மகளைப் பத்திரிகைக்காரர்கள் பக்கமே விடவில்லை என்பதை ஆசிரியர் எனக்கு எதிராக எடுத்துக்காட்டினார். உண்மை, மறைத்தவர்கள் எல்லாம் வெறுத்தவர்கள் இல்லை. 1928இல் பிறந்த அந்தப் பெண்ணைக் காப்பகத்துக்கு அனுப்பாமல், இருபது வயதில் அவள் இறக்கும் வரை வீட்டோடு வைத்திருந்தார்கள். ஆனால் அதே தம்பதிதான் அவள் பெயரைச் சூட்டி, அவளைப் போன்ற பெண்களுக்காக ஓர் அறக்கட்டளையை நிறுவினார்கள். ஊருக்குச் சொல்வதில் அதுவும் ஒரு வகைதானே? எங்களிடம் அறக்கட்டளை வைக்கப் பணம் இல்லை. இருந்தது பேனா.

அனுதாபம் தேடினேன் என்ற நண்பனுக்கு ஒரு வரி போதும்: ஆமாம், தேடினேன். குழந்தை பிறந்த வீட்டுக்கு எல்லோரும் சீனியும் சோப்புப் பெட்டியுமாக வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் துட்டி கேட்க வந்தவர்களைப் போலத் திண்ணையோடு திரும்பினார்கள். கட்டுரைக்குப் பிறகுதான் பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்து பிள்ளையை மடியில் வாங்கினாள்.

இதற்கு நேர் எதிரான ஒரு குற்றச்சாட்டும் உண்டு: எழுதும் பெற்றோர் எல்லாவற்றையும் இனிக்க இனிக்க எழுதி 'தெய்வக் குழந்தை' ஆக்கிவிடுகிறார்கள் என்று. இதில் பாதி நியாயம். கௌபாய் படங்களில் நடித்த அமெரிக்க நடிகை டேல் எவன்ஸுக்கு 1950இல் பிறந்த மகள் ராபின் இரண்டு வயது நிறைவதற்கு இரண்டு நாள் முன்பு இறந்தாள். மறுவருஷம் எவன்ஸ் எழுதிய 'ஏஞ்சல் அன்அவேர்' புத்தகத்தில் அந்தக் குழந்தையே சொர்க்கத்திலிருந்து பேசுகிறது. குழந்தையின் வாயில் வார்த்தை வைப்பது எனக்கு ஒப்பவில்லை. தெய்வத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், பிசியோதெரபி வேண்டாம். என் மகளுக்கு இரண்டும் வேண்டும். ஆனால் அந்தப் புத்தகம் வந்த பிறகுதான், அதுவரை வீட்டுக்குள் வைத்திருந்த பிள்ளைகளைப் பெற்றோர்கள் எவன்ஸும் அவர் கணவரும் நடத்திய மேடை நிகழ்ச்சிகளுக்குக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். எழுத்தில் குறை இருந்தது, எழுதியதில் இல்லை. இப்படி ஒரு குழந்தை பிறப்பதை, இத்தாலிக்குக் கிளம்பி ஹாலந்தில் இறங்குவதாக எமிலி பெர்ல் கிங்ஸ்லி 1987இல் எழுதிய புகழ்பெற்ற உவமையும் எனக்கு ஒட்டவில்லை. அவர் ஜேசனின் அம்மா, மதிப்பு உண்டு. ஆனால் அந்த முதல் வாரம் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது துலிப் பூவைப் பற்றி இல்லை. சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளைக்குப் பாலாடையை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதுதான்.

கடைசியாக, 'இப்போதே என்ன அவசரம், பிள்ளை வளரட்டும், பிறகு எழுது' என்பவர்கள். பேச்சு இதமாக இருக்கும். ஆபத்தான யோசனை இதுதான்.

டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். ஸ்டெத்தாஸ்கோப்பில் சத்தம் கேட்காமலும் இருக்கலாம். எக்கோ எடுத்தால்தான் தெரியும். பெரிய ஓட்டைகளை முதல் ஆறு மாதத்துக்குள் அடைத்துவிடுவது நல்லது. தள்ளிப்போனால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தடித்துப் போய், பிறகு அறுவை செய்யவே முடியாத நிலை வரலாம். அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் இவர்களுடைய சராசரி ஆயுள் 25 வயது. இன்று 60ஐத் தொடுகிறது. இதய அறுவையும், காப்பகத்தை விட்டு வீட்டில் வளர்ந்ததும் பெரிய காரணங்கள். என் மகளுக்கு ஒன்பதாம் நாள் எக்கோ எடுத்தோம், ஐந்தாம் மாதம் அறுவை.

கட்டுரை வந்து மூன்று வாரத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இதழ் எப்படியோ அவள் கைக்குப் போயிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் மொட்டை மாடியிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். பையனுக்கு நாலு மாதம். டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை இருந்ததாம், யாரும் விளக்கவில்லை. அவள் என்னிடம் தத்துவம் எதுவும் கேட்கவில்லை. "அண்ணே, பால் குடிக்கையிலயே தூங்கிப் போயிருதான். உங்க பாப்பாவுக்கும் அப்படித்தானா?" நான் மனைவியிடம் போனைக் கொடுத்தேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "குடிக்கும்போது நெத்தி வேர்க்குதாம்மா?" வேர்க்கிறது என்றாள். எங்கள் பிள்ளைக்கும் அப்படித்தான் வேர்த்தது. அடுத்த வாரம் அந்தப் பையனுக்கு எக்கோ எடுத்தார்கள். ஓட்டை இருந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை நடந்தது. இப்போது அவன் என் மகளைவிட வேகமாக நடக்கிறான் என்று அவள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது. பிள்ளை வளரட்டும் என்று நான் காத்திருந்தால், அந்த போன் வந்திருக்காது.

பெரியப்பாவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. சாயங்காலம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை போகிறார். அங்கே இருப்பவர்கள் கேட்டால் அவரே எல்லாவற்றையும் சொல்லுகிறாராம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால், எழுதுவதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். எக்கோ எடுத்தாயிற்றா, தைராய்டு பார்த்தாயிற்றா, மாவட்டத்து அரசு ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பெயர் பதிந்தாயிற்றா என்று இன்றைக்கே போய்க் கேளுங்கள். அம்மாவிடமும் கேளுங்கள்.