பீலித் தண்ணீரும் ரேடியேற்றரும்

நம் ஊவா மலைகளில் எஞ்சினுக்குள் நீர் உறைந்துபோகுமளவு குளிர் கிடையாது. ஆகவே, உறைதலைத் தடுக்கும் கூலன்ட் திரவத்துக்குக் காசு செலவிடுவது வீண், பீலித் தண்ணீரே போதும் என்று எண்ணும் இளைஞர் உளர். இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்று பார்ப்போம்.

நம் வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவை, சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில் போன்ற தகடுகளின் வழியே காற்றினால் குளிர்வன. அவற்றுக்கு இப்பேச்சே வேண்டாம். முன்சில்லுக்குப் பின்னே ரேடியேற்றர் பொருத்திய பஜாஜ் பல்சர் என்.எஸ். 200, யமஹா ஆர் 15 போன்றவற்றையே குறிப்பிடுகிறோம்.

மாணவர்கள் வகுப்பிற் கற்றது இங்கே உதவும். உயரம் 300 மீற்றர் கூடுந்தோறும் நீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு பாகை குறைகிறது. கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர், ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் 98 பாகையளவிலும், 1,400 மீற்றரைத் தாண்டிய ஹப்புத்தளையில் 95 பாகையளவிலும் கொதித்துவிடும். வெல்லவாயவின் வெயிலிலிருந்து எல்லவை நோக்கி இருவரைச் சுமந்து ஏறும் வண்டியை எண்ணிப் பாருங்கள். வேகம் குறைவு, ஆதலால் ரேடியேற்றரிற் படும் காற்றும் குறைவு, எஞ்சினின் உழைப்போ மிக அதிகம். எதிலீன் கிளைக்கோலும் நீரும் சரிபாதி கலந்த திரவம் கடல்மட்டத்தில் 107 பாகையளவிலேதான் கொதிக்கும். ரேடியேற்றர் மூடி தரும் அழுத்தம் அவ்வெல்லையை மேலும் உயர்த்துகிறது.

அரிப்பு இதனினும் பெரிய காரணம். ஓடைநீரிற் கரைந்துள்ள உப்புக்கள் அலுமினியத்தை அரிப்பதோடு, ரேடியேற்றரின் நுண்ணிய வழிகளில் படிந்து அவற்றை அடைக்கவும் செய்யும். கூலன்டிற் சேர்த்திருக்கும் அரிப்புத் தடுப்புப் பொருள்களும் காலப்போக்கிற் தீர்ந்துவிடுகின்றன. எனவேதான் வண்டியின் கைநூல் குறிக்கும் தவணையில், பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை, அதை மாற்றவேண்டியிருக்கிறது.

வேலை கடினமன்று, அவசரந்தான் ஆகாது. இரவு முழுதும் ஆறிய வண்டியைக் காலையிற் சமதரையில் நிறுத்திக்கொள்ளுங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடைபட்ட திரவம் பீறிட்டு முகத்தை அவித்துவிடும். நீர்ப்பம்பினருகிலுள்ள வடிகால் போல்ட்டின் கீழ் வாயகன்ற பாத்திரத்தை வைத்துப் போல்ட்டைக் கழற்றி, பின்னர் ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் திரவம் விரைந்து வடியும். துணைத்தொட்டியிலுள்ள பழைய திரவத்தையும் அகற்றவேண்டும். பலர் மறப்பது இதனையே. வடிந்தது சேறாக இருப்பின், காய்ச்சி வடித்த நீரினால் தெளியும்வரை கழுவுக. போல்ட்டுக்குப் புதிய வாஷர் இடுக. பலத்தைக் காட்டி முறுக்கினால் அலுமினியப் புரி அழிந்துவிடும். புதிய திரவத்தைச் சிறுகச் சிறுக நிரப்பி, மூடியின்றி எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டால் காற்றுக் குமிழிகள் வெளியேறி மட்டம் இறங்கும். மீண்டும் நிரப்பி மூடி, துணைத்தொட்டியில் இரு கோடுகளுக்கிடையே மட்டம் நிற்கச் செய்க. பச்சை, நீலம், சிவப்பு என்னும் நிறத்தை நம்பி இருவகைத் திரவங்களைக் கலக்கலாகாது. நிறம் ஒவ்வொரு கம்பனியின் விருப்பம்.

வடித்தெடுத்த பழைய திரவத்தைக் குறித்துப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எதிலீன் கிளைக்கோல் இனிப்பானது. கொடிய விஷமும் ஆகும். சிறிதளவு நக்கிய நாயும் சிறுநீரகம் கெட்டு மாண்டுபோகும். குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தால், குழந்தையின் கண்ணுக்கு அது சர்பத்தாகவே தோன்றும். தோட்டங்களில் லயத்துக்கு மேலேயுள்ள ஊற்றிலிருந்தே பீலிக்குத் தண்ணீர் வருகிறது. மேட்டுக் கானில் கவிழ்த்தது கீழே குடத்தில் வந்து சேரக்கூடும். பதுளை ஓயாவில் விழுவது துன்ஹிந்தையைத் தாண்டி மகாவலிக்கே போகிறது. ஆகவே இறுக மூடும் கலனில் அடைத்து, 'விஷம்' என்று எழுதி, பிள்ளைகளின் கைக்கெட்டாமல் வைத்து, ஏற்றுக்கொள்ளும் கராஜிடம் ஒப்படைப்பதே முறை.

வழியில் வண்டி கொதித்தே விட்டால்? எஞ்சினை நிறுத்தி, நிழலில் நன்றாக ஆறவிடுங்கள். கை வைத்துப் பார்க்கச் சூடு தெரியாத பின்னரே மூடியைத் திறக்கலாம். வேறு வழியில்லாவிடத்துப் பீலித் தண்ணீரை ஊற்றி ஊர் சேர்வதிற் குற்றமில்லை. அந்த வாரத்திலேயே அதை வடித்துவிட்டு, கசிவு எங்கென்றும் பார்த்துவிட வேண்டும்.