போய் வருவோமா? – கெப்போங் கற்பூரக் காடு



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் "எங்கே போகலாம்?" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். சுபாங் ஜெயா பக்கம் குடியிருப்போர் பேரங்காடிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிடுகிறோம். இம்முறை காட்டைக் காட்டுவோமே!

அதற்குப் பகாங் வரை போகவேண்டியதில்லை. கோமுட்டர் இரயிலேறிக் கெப்போங் சென்ட்ரலில் இறங்கி, வாடகைக் கார் பிடித்தால் சிறிது நேரத்தில் மலேசிய வன ஆராய்ச்சி நிலையம் வந்துவிடும். 500 ஹெக்டருக்கு மேற்பட்ட காடு. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆதிகாலத்துக் காடு என்றுதான் நினைப்பீர்கள். இல்லை, இது மனிதன் நட்ட காடு!

1926இல் ஃபாக்ஸ்வர்த்தி என்ற வன அதிகாரி இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தபோது, ஈயலம்பம் தோண்டிக் கைவிட்ட நிலமும், காய்கறித் தோட்டமும், லாலான் புல்லும்தான் இங்கே இருந்தன. லம்ப மணலில் தண்ணீர் தங்காது. அதில் கன்று பிழைப்பது எவ்வளவு பாடு என்று, ரப்பரையும் செம்பனையையும் நட்டு ஆளாக்கிய உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. காட்டு மரங்களில் பலவற்றுக்கு இளமையில் நிழலும் வேண்டும். அப்படிப்பட்ட மண்ணில்தான் நட்டார்கள். 1929இல் நிலையமும் எழும்பியது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. நம் நாட்டுக்கு இது ஆறாவது.

சுபாங் ஜெயாவின் கதை நேர்மாறு. சீபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்த மண்ணில் 1976 முதல் வீடுகள் எழும்பின. பால் வெட்டிய நிரைகளின் மேல் இன்று சாலைகள் ஓடுகின்றன. அங்கே மரம் போய் ஊர் வந்தது. இங்கே லம்பம் போய் மரம் வந்தது.

தவறவிடக்கூடாதது கபூர் மரத்தோப்பு. கபூர் என்றால் கற்பூரம். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் மணக்கிறதே பச்சைக் கற்பூரம், அது முற்காலத்தில் இம்மரத்தின் உள்ளிருந்து எடுக்கப்பட்டதுதான். (இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஆலையில் செய்தது.) கற்பூரத்துக்குப் பேர்பெற்ற சுமத்திராவின் பாரூஸ் துறைமுகத்தில் 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் பொறித்தது. ரப்பர்க் கன்று இந்தப் பக்கம் வந்ததோ 1877இல். பார்த்தீர்களா, நம்மவர் கடல் தாண்டியது ரப்பருக்காக மட்டுமல்ல!

தோப்பின் நடுவில் நின்று மேலே பாருங்கள். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொடாது. இடையில் வாய்க்கால் போல வானம் தெரியும். காற்றில் உரசி முனை முறிவதால் இப்படி என்றார்கள் சிலர். இந்நிலையத்து ஆய்வாளர் ஒருவர் 1977இல் ஆராய்ந்து, உரசிய தடயம் இல்லை, வெளிச்சம் குறைவதை உணர்ந்து நுனி தானே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது என்று கருதினார். லயத்து வீட்டில் சுவரோடு சுவராக வாழ்ந்த நமக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

நுழைவுக் கட்டணம் உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், மதியத்தில் மழை பிடித்துக்கொள்ளும். மழை பெய்தால் அட்டையும் வரும், நீளக் காலுறை நல்லது. கட்டுச்சோறு கொண்டுபோனால் குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கபூர் மரத்தடியில் பசுமை மாறாத இலை உதிர்ந்து கிடந்தால் பிள்ளைகளைக் கசக்கி முகரச் சொல்லுங்கள். என்ன வாசம் என்று அவர்களே சொல்லட்டும்.