ஊமையானது வாத்தியமன்று

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளிக்கப்பட்டுவந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதையொட்டித் தம் கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றிக்கொண்டவர் பலர். அவர்களுள் இசை பயில்வோர் சிலருக்கு ஒரு புதிய கவலையும் வந்து சேர்ந்தது. நேற்றுவரை கணினியோடு இணங்கி ஒலித்த கீபோர்ட், நம்மவர் பேச்சில் ‘ஓர்கன்’, இன்று விளக்கெரிகிறது; கட்டைகளும் அமுங்குகின்றன; ஆனால் கணினியில் மட்டும் ஓசையில்லை. “பழசாகிவிட்டது, புதிதுதான் வாங்கவேண்டும்” என்று அருகிலிருப்போர் தீர்ப்புக் கூறிவிடுவர். பிள்ளையின் பயிற்சிக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய கருவியைப் பற்றி இத்துணை விரைவாகத் தீர்ப்புக் கூறல் தகாது.

இவ்விணைப்பிலே ஓடுவது ஓசையென்று பலர் எண்ணுகின்றனர். அஃதன்று. ‘மிடி’ எனப்படும் இம்முறையில் ஓடுவன வெறும் எண்களே. நடுக் கட்டையை அமுக்கினால் 60 என்னும் எண் செல்லும். எவ்வளவு வேகமாய் அமுக்கினோம் என்பதைக் காட்ட 127 வரையில் ஓர் எண் உடன் செல்லும். விரலை எடுத்தால் அதற்கும் ஒரு செய்தி. சமையற் குறிப்பை அயல்வீட்டுக்கு எழுதியனுப்புவது போன்றது இது. சோறு அங்கேதான் வேகவேண்டும். கணினியிலுள்ள இசைமென்பொருளே அவ்வெண்களைக் கொண்டு நாதத்தை ஆக்குகின்றது.

இந்த எண்மொழி பிறந்த கதை சுவையானது. 1983 ஜனவரியில், கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியொன்றில், சீக்குவென்ஷியல் சேர்க்கிட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் புரொபெட்-600 கருவியும், ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் ஜூப்பிட்டர்-6 கருவியும் ஒரு கேபிளால் இணைக்கப்பட்டன. ஒன்றை வாசிக்க மற்றொன்று ஒலித்தது. சந்தையிற் போட்டியாளர்களாய் நின்றவர்கள் ஒரே மொழிக்கு உடன்பட்டது வணிக உலகில் அரிய காரியமன்றோ! அதற்காக டேவ் ஸ்மித், இக்குதாரோ ககேஹாஷி என்னும் இருவரும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது பெற்றனர். அம்மொழி இன்னும் வழக்கொழியவில்லை. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பும் பழையதைத் தள்ளிவிடாமலே வகுக்கப்பட்டது.

ஆகவே மொழி கெடவில்லை, கெட்டது மொழிபெயர்ப்பாளன். யூ.எஸ்.பி. வழியாக வரும் செய்தியைக் கணினிக்கு உணர்த்துவது ‘டிரைவர்’ எனப்படும் சிறு மென்பொருள். 1999இல் இதற்கென ஒரு பொதுவிதி வகுக்கப்பட்டது. அவ்விதியைப் பின்பற்றும் கருவிகளுக்கு இயங்குதளத்தினுள்ளேயே டிரைவர் உண்டு. தனி டிரைவரை நம்பிய கருவிகளோ, செய்தவர்கள் அதைப் புதுப்பியாது விட்டதும் தனித்துப்போயின. மெக் கணினியிலும் 2019இல் வந்த கட்டலினா பதிப்பு 32 பிட் மென்பொருள்களை அறவே நீக்கியபோது, பழைய இசைமென்பொருள்கள் பல இயங்காமற் போயின.

முதலிற் கேபிளை மாற்றிப் பாருங்கள். கைபேசிக்கு மின்னூட்ட மட்டும் உதவும் கேபிள்கள் சில உள. அவற்றில் செய்தி செல்லாது. கீபோர்ட்டை இயக்கிய பின்னரே இசைமென்பொருளைத் திறந்து, அதன் அமைப்பில் உள்வரும் கருவியாகக் கீபோர்ட்டின் பெயரைத் தெரிவு செய்தல் வேண்டும். மேம்படுத்தலின் பின் இத்தெரிவு அழிந்துபோவதுண்டு. பிணி அவ்வளவே என்றால் நிமிடத்தில் தீர்ந்தது. டிவைஸ் மேனேஜரில் கருவியின் பெயரருகே மஞ்சட் குறி காணப்பட்டால், பழைய டிரைவரை நீக்கிவிட்டு, கருவியைக் கழற்றி மீண்டும் இணைக்கவேண்டும். சில கருவிகளின் அமைப்பில் ‘ஜெனரிக்’ என்னும் தெரிவு ஒன்றிருக்கும். அதை ஏற்றால் கணினியின் பொது டிரைவரே போதும்.

பழைய டிரைவரை ஏற்கச் செய்வதற்காக விண்டோஸின் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்னும் காவலை அணைத்துவிடச் சொல்வோரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் படிப்பும் அதே கணினியிலன்றோ இருக்கின்றன?

அதனினும் எளிய வழி கீபோர்ட்டின் பின்புறத்திலேயே இருக்கக்கூடும். பழைய கருவிகள் பலவற்றில் ஐந்து துளைகளுள்ள வட்டமான பொருத்துவாய் உண்டு. 1983இல் வகுத்த அதே வாய். பொதுவிதிக்கமைந்த சிறிய யூ.எஸ்.பி. மிடி இணைப்பியொன்றை அதிற் பொருத்தினால், கீபோர்ட்டின் டிரைவர் இல்லாமலே செய்தி கணினியை அடையும். புதிய கீபோர்ட்டோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம். பொருத்தும்போது ஒன்றைக் கவனிக்க: ‘இன்’ என்று எழுதிய முனை கீபோர்ட்டின் ‘அவுட்’ என்னும் வாயிற் செல்லவேண்டும். மாற்றிப் பொருத்தினாற் கருவிக்குக் கேடொன்றுமில்லை, ஓசைதான் வராது.