ஸ்கேன் வலியின் அளவுகோலன்று

‘ஸ்கேனில் வடு சிறிதாகத்தானே உள்ளது, பிறகு ஏன் இவ்வளவு வலி?’ என்று மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் குடும்பத்தார் கேட்பதுண்டு. நரம்புறை சிதைந்த இடத்தை எம்.ஆர்.ஐ. காட்டும், வலியைக் காட்டாது.

வலியுணர் நரம்புகளில் சோடியம் புகும் வாயில் ஒன்றை எஸ்.சி.என்.9ஏ என்னும் மரபணு அமைக்கிறது. அது செயலிழந்தால் பிறவியிலிருந்தே வலி தெரியாது என்பது 2006-இல் சில பாகிஸ்தானியக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. அதே மரபணுவின் வேறு சில மாற்றங்களோ பாதங்களில் தீப்பட்டாற்போன்ற எரிச்சலைத் தருகின்றன. இவை வேறு நோய்கள், மிக அரியவை. எனினும் வலியுணர்வில் பிறப்பின் பங்கும் உண்டு என்பதற்கு இவை போதும். ஆகவே ஒரே நோயுள்ள இருவரை ஒப்பிட்டு, ‘அவர் தாங்குகிறாரே’ என்பது நியாயமன்று.

வலியை அளக்கும் மரபணுப் பரிசோதனை இன்று இல்லை. உண்டென்று விற்பவரை நம்ப வேண்டாம். முகநரம்பு வலிக்குக் கார்பமசெபின் தொடங்குமுன் எச்.எல்.ஏ-பி 15:02 பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். அம்மரபணு வகை உள்ளோருக்கு அம்மருந்து தோலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும்.