துறைமுகத்தைத் தொட்டவர் தேசத்தைக் கண்டவரா?

உல்லாசக் கப்பலில் ஐந்து நாள் பிரயாணம் செய்து திரும்பும் நம்மவர் பலர், மூன்று தேசங்களைக் கண்டு வந்ததாகப் பெருமை பேசுகின்றனர். தோட்டத்துக் கிராணிமாரும் ஆசிரியர்களும் ஓராண்டுச் சேமிப்பை இதற்கே கொட்டுகின்றனர். அவர்கள் கண்டது யாது என்பதே நம் கேள்வி.

நாம் வாழும் ஜெஞ்சாரோமுக்கு அதிகத் தொலைவில் இல்லை, புலாவ் இண்டா தீவிலுள்ள போர்ட் கிள்ளான் உல்லாசக் கப்பல் துறை. கப்பலொன்று காலையில் வந்து ஒன்பது மணி நேரம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். இறங்கும் வரிசைக்கும் குடிநுழைவுச் சோதனைக்கும் ஒரு மணி; கோலாலம்பூர் போய்வர மூன்று மணி; புறப்படுமுன் ஏறிவிட வேண்டிய நேரம் ஒரு மணி. எஞ்சுவது நான்கு. இரட்டைக் கோபுரத்தின் முன் ஒரு படம், பத்துமலையின் 272 படிகளுக்கு அடியில் ஒரு படம். மலாயா முடிந்தது!

இவ்வவசரம் ஏன்? கப்பலின் சூதாட்ட மண்டபமும் தீர்வையற்ற கடைகளும் துறையில் பூட்டப்பட்டிருந்து, கடலிலேயே திறக்கப்படுவது வழக்கம். பிரயாணி கரையில் செலவிடும் காசு கப்பலுக்குச் சேராது. ஆகவே துறை என்பது சரக்கன்று. சரக்கை விற்கக் கட்டிய விளம்பரப் பலகை.

கடல் கொந்தளித்தால் அந்தப் பலகையும் கழன்றுவிடும். துறையை விட்டுவிட்டுப் போகக் காப்டனுக்கு அதிகாரம் உண்டு. உயிர் காக்கும் அம்முடிவை நாம் குறை கூறோம். ஆனால் துறைகளின் பெயர் பெரிய எழுத்திலும் இந்நிபந்தனை பொடி எழுத்திலும் இருப்பது நியாயமா? மலாக்கா நீரிணையைச் சுமத்திரா மறைத்து நிற்பதால் பெரும்பாலும் அமைதி உண்டு. வங்காள விரிகுடாவோ ஐப்பசி, கார்த்திகையில் புயலின் வீடு. இதைச் சீட்டு விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

நிற்க. அதே விரிகுடாவை நம் முன்னோரும் கடந்தனர். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா போன்ற கப்பல்களின் மேல்தட்டில், பாய் விரித்த இடமே வீடாக வந்தனர். அலையடித்தபோது அவர்களுக்கு மருந்தும் இல்லை, முறையிட ஆளும் இல்லை. 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்கள், நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டுப் பின் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். துறைமுகத்தை அவர்களும் சிறிது நேரமே கண்டனர். ஆனால் தொட்டுவிட்டுப் போகவில்லை. காட்டை அழித்து ரப்பர் நட்டு நாட்டை ஆக்கினர்.

1941இல் இக்கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவு ஒழியவேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். சென்னையிலிருந்து வரும் தமிழன் அம்மண்ணைப் பேருந்துக் கண்ணாடி வழியே கடந்து போகின்றான். நிறுத்திச் சொல்வார் யார்? மலாயாவில் பிறந்த நம் பிள்ளைகளே அறியாதபோது அவனை நோவானேன்!

முதியோருக்கும் நோயாளருக்கும் கப்பலே வசதியென்பர். உண்மை. மூட்டையைத் தினம் கட்ட வேண்டாம். படுத்த இடத்திலேயே ஊர்கள் வரும். அவர்கள் செல்லட்டும். ஆனால் அதை ஓய்வென்று சொல்லட்டும். தேசம் கண்டதாகச் சொல்ல வேண்டாம்.

மற்றையோருக்கு நாம் சொல்வது இது. அதே பணத்தில் ஓரூரில் ஒரு வாரம் தங்குங்கள். இங்கு வருபவர் கிள்ளானில் அறையெடுத்து, தெங்கு கிளானா வீதியில் நடந்து, கேரித் தீவில் மா மெரி மக்களின் மரச்சிற்பங்களைப் பாருங்கள். பழைய தோட்டத்தாரிடம் பேசுங்கள். இங்கிருந்து செல்பவர் நாகப்பட்டினத்தில் தங்கி, நம் பாட்டன்மார் கப்பலேறிய கரையில் நில்லுங்கள். ஐந்து துறைகளின் முத்திரை கடவுச்சீட்டுக்கு அழகு. ஓரூரின் வரலாறே அறிவுக்கு அழகு.