சிவன் வீட்டு வாகனங்களும் ஒரு லத்தீன் வாலும்

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று கணக்குச் சொல்வார்கள். ஏறி முடித்து மூலவர் சந்நிதிக்கு எதிரே பார்த்தால், வழக்கமாக மயில் நிற்கும் இடத்தில் இங்கே யானை. தெய்வானைக்குச் சீராக இந்திரன் கொடுத்த ஐராவதம் என்கிறது தலபுராணம்.

யானை ஆங்கிலத்தில் ‘எலிஃபன்ட்’. யானை போலப் பிரம்மாண்டமானது என்று சொல்ல ‘எலிஃபன்டைன்’. கடைசியில் ஒட்டியிருக்கும் ஐ, என், ஈ என்ற மூன்று எழுத்துகள்தான் இந்த வார நாயகன். ‘அதைச் சேர்ந்த, அதைப் போன்ற’ என்று பொருள் தரும் ‘இனுஸ்’ என்ற லத்தீன் விகுதியிலிருந்து வந்த வால் இது.

குடும்பத்தோடு வருகிறது

இந்த வாலில் ஒரு சொல் பள்ளிக்கூடத்திலேயே நமக்குப் பழக்கம். கோரைப் பல்லை ‘கேனைன்’ என்று படித்திருப்போம். லத்தீனில் ‘கேனிஸ்’ என்றால் நாய். மற்ற சொற்களை நினைவில் வைக்கச் சிவன் குடும்பத்தின் வாகனங்களே போதும்.

சிவனின் காளைக்கு ‘டாரைன்’. அம்பாளின் சிங்கத்துக்கு ‘லியோனைன்’. பிள்ளையாரின் எலிக்கு ‘மியூரைன்’. லத்தீனில் எலி ‘மூஸ்’. நம் மூஷிகத்துக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். சிவன் கழுத்துப் பாம்புக்கு ‘சர்ப்பென்டைன்’. சர்ப்பம் அப்படியே காதில் விழுகிறதா? அதுவும் உறவுதான். புராணப்படி மான் வயிற்றில் பிறந்தவள் வள்ளி. அந்த மானுக்கு ‘சர்வைன்’.

முருகனின் மயிலுக்கு? ‘பாவனைன்’. மயிலின் லத்தீன் பெயர் ‘பாவோ’. மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை வெளிச்சத்தில் பச்சையும் நீலமுமாக மாறி மாறி மின்னுமே, அந்த மினுமினுப்பைச் சொல்லும் சொல் இது. ஆங்கிலம் நன்றாகப் படித்தவர்களிலும் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

திட்டவும் உதவும்

தமிழிலும் இப்படி ஒரு வால் உண்டு. நரித்தனம், குரங்குத்தனம் என்கிறோம். விலங்கோடு சேர்ந்தால் ‘தனம்’ பெரும்பாலும் திட்டத்தான் பயன்படுகிறது. ஆங்கில வாலிலும் கழுதைக்குரிய ‘ஆசினைன்’ முட்டாள்தனத்தைக் குறிக்கும். ஆனால் பாராட்டவும் இடமுண்டு. பிடரி போல அடர்ந்த முடி ‘லியோனைன்’. கழுகு மூக்கு ‘ஆக்விலைன்’.

தடுப்பூசியிலும் பசு

எல்லோருக்கும் தெரிந்த சொல் ஒன்றும் இந்தக் குடும்பம்தான்: ‘வாக்சின்’. லத்தீனில் ‘வாக்கா’ என்றால் பசு. பசுவம்மை கண்டவர்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்ற பேச்சை வைத்து, எட்வர்ட் ஜென்னர் 1796-ல் ஒரு சிறுவனுக்குப் பசுவம்மைப் பாலை ஏற்றிச் சோதித்தார். 1798-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டபோது பசுவம்மைக்கு அவர் எழுதிய லத்தீன் பெயரில் இந்தச் சொல் இருந்தது. மற்ற நோய்களின் தடுப்பு மருந்துகளையும் அதே பெயரால் அழைக்கலாம் என்று 1881-ல் சொன்னவர் லூயி பாஸ்டர். பசுவுக்கே தொடர்பில்லாத ஊசியும் இன்று அவள் பெயரில்தான் போடப்படுகிறது.

மருந்துச் சீட்டில் பாருங்கள்

இந்த மூன்றெழுத்தைத் தெரிந்துகொள்வது தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் உதவும். ‘ஈக்வைன்’ என்றால் குதிரை சார்ந்தது. நம் நாட்டில் பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்துதான் தயாராகிறது. நாய்க்கடிக்குப் போடும் ரேபிஸ் இம்யூனோகுளோபுலினிலும் குதிரை வகை உண்டு. ஏற்கெனவே அப்படி ஊசி போட்டு ஒவ்வாமை வந்திருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. எப்படிக் கொடுப்பது என்பதை அவர் முடிவு செய்வார்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பாட்டிலில் ‘போர்சைன்’ என்று இருந்தால் அது பன்றியின் குடலிலிருந்து எடுத்தது. ஜெலட்டினில் ‘போவைன்’ என்று இருந்தால் மாடு. மாட்டையோ பன்றியையோ விலக்கும் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. சொல் புரிந்தால்தானே கேள்வி கேட்க முடியும்?

ஒரே ஓர் எச்சரிக்கை. இந்த மூன்றெழுத்தில் முடிவதெல்லாம் விலங்கு அல்ல. ‘மெஷின்’, ‘மேகசின்’ ஆகியவற்றுக்கும் கடைசியில் இதே எழுத்துகள்தான், ஆனால் வேர் வேறு. வாலை மட்டும் பார்க்காமல் தலையையும் பாருங்கள்.

அடுத்த முறை திருத்தணிப் படி ஏறும்போது பிள்ளைகளிடம் வாகனத்துக்கு ஒரு சொல் கேட்டுப் பாருங்கள். உச்சிக்குப் போவதற்குள் ஏழெட்டுச் சொற்கள் மனதில் நின்றுவிடும்.