வழிப்போக்கனுக்குச் சோறு போட்டது யார்?

தர்ம காரியத்துக்காக நெடுந்தூரம் நடந்து போகிறவர்களைப் பற்றி நம் நாட்டில் ஒரு பேச்சு வழங்கி வருகின்றது. "கையில் காசில்லாமல் கிளம்பினான், ஆண்டவன் படியளந்தான், போய்ச் சேர்ந்தான்" என்பதே அந்தப் பேச்சு. தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போய் வந்தவரும் இதைச் சொல்லுகிறார். ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பணம் திரட்ட ஊர் ஊராய் நடந்தவரும் இதையே சொல்லுகிறார். நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தப் படியை அளந்த கை யாருடைய கை? அரிசியை விளைவித்தவன் யார்? அதை உலையிலிட்டு, புகையில் கண் எரிய எரிய வடித்துக் கொட்டியவள் யார்? வழியில் போகிறவனை நிறுத்தி, "சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று இலை போட்டவன் யார்? இத்தனையும் செய்த மனிதர்களை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு பருக்கையும் போடாதவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வருவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

இதை வெறும் குதர்க்கம் என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. முன்பின் தெரியாதவனிடம் மனிதன் காட்டுகின்ற அன்பு எங்கிருந்து வருகிறது, எதனால் பெருகுகிறது, எதனால் வற்றுகிறது என்று தெரிந்து கொண்டால்தான் அதை வளர்க்க முடியும். எல்லாம் கடவுள் செயல் என்று சொல்லிவிட்டால், வளர்க்க வேண்டிய பொறுப்பு நம் தலையிலிருந்து இறங்கிவிடும். ஆகையால் பிரத்தியட்சமாய் நடந்த ஒரு காரியத்தை எடுத்துக் கொண்டு பார்ப்போம்.

கனடா தேசத்தில் டெர்ரி ஃபாக்ஸ் என்று ஒரு வாலிபர் இருந்தார். 1958-ல் பிறந்தவர். 1977-ல், அவருடைய 18-வது வயதில், வலது கால் எலும்பில் புற்றுநோய் கண்டு, முழங்காலுக்கு மேலே காலை எடுத்து விட்டார்கள். பிழைப்பதற்கு நூற்றுக்கு 50 பங்கு இடமுண்டு என்றார்கள். அதே நோய் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் நூற்றுக்கு 15 பங்குதான் என்றும் அவருக்குத் தெரிய வந்தது. இரண்டு வருஷத்தில் 15 எப்படி 50 ஆயிற்று? யாராவது மொட்டையடித்துக் கொண்டார்களா? மண்சோறு தின்றார்களா? ஆராய்ச்சிச் சாலையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக் கொண்ட மனிதர்களின் வேலையல்லவா அது! அந்த வாலிபருக்கு இது விளங்கிற்று. 16 மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, தம்மைப் போன்ற பிள்ளைகள் துடிப்பதையும் சாவதையும் பார்த்தார். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், அதைத் தேச மக்களிடமே கேட்பது என்று முடிவு செய்தார்.

1980 ஏப்ரல் 12-ந் தேதி, அத்திலாந்திக் சமுத்திரக் கரையிலுள்ள செயிண்ட் ஜான்ஸ் பட்டணத்திலிருந்து மேற்கு நோக்கிக் கிளம்பினார். ஒரு நல்ல காலும் ஒரு செயற்கைக் காலுமாக, ஒரு தத்தலும் ஓர் எட்டுமாக, தினம் சுமார் 42 கிலோ மீட்டர் போனார். அதை ஓட்டம் என்றாலும் சரி, நடை என்றாலும் சரி. கிளம்பும்போது கூட வந்தவர் ஒரே ஒரு சிநேகிதர். அவர் வண்டியை ஓட்டினார். அந்த வண்டி ஒரு கம்பெனி கொடுத்தது. எண்ணெய் ஒரு கம்பெனி கொடுத்தது. பாதரட்சை ஒரு கம்பெனி கொடுத்தது. மற்றபடி வழியிலுள்ள ஜனங்களை நம்பியே போனார்கள். போகிற ஊர்களில் முன்பின் அறியாதவர்கள் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். படுக்க இடம் கொடுத்தார்கள். சாலையோரத்தில் நின்று கையில் காசைத் திணித்தார்கள். போர்ட்-ஓ-பாஸ்க் என்ற சிறு துறைமுகத்தில் இருந்த ஜனங்கள் சுமார் 10,000 பேர். அவர்கள் கொடுத்த தொகை 10,000 டாலருக்கு மேல். தலைக்கு ஒரு டாலர் என்று வைத்துக் கொள்ளலாம். இதைக் கண்டுதான் தேசம் முழுவதும் தலைக்கு ஒரு டாலர் கேட்பது என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது.

இனி இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கியூபெக் மாகாணத்தில் அவருக்கு அவ்வளவு ஆதரவு கிடைக்கவில்லை. அங்கே பிரெஞ்சு பாஷை. இவருக்கோ அது வராது. இவர் யார், எதற்காக ஓடுகிறார் என்ற செய்தி அங்கே பரவவில்லை. வண்டிக்காரர்கள் சாலையை விட்டு ஒதுங்கும்படி விரட்டியதும் உண்டு. பிறகு ஒன்டாரியோ மாகாணத்தில் நுழைந்தபோது, செய்தி முன்னதாகவே போயிருந்தபடியால் கூட்டம் கூட்டமாய் வந்து வரவேற்றார்கள். டொரன்டோவில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள்.

கடவுள்தான் ஜனங்களின் மனதைத் திறந்தார் என்று சொல்லுகிறவர்களை நாம் கேட்கிறோம்: கியூபெக்கில் மட்டும் அவர் ஏன் திறக்கவில்லை? ஆண்டவனுக்கும் பிரெஞ்சு பாஷை தெரியாமற் போய்விட்டதா? அல்லது அந்த மாகாணத்து ஜனங்கள் கல் நெஞ்சர்களா? இரண்டுமில்லை. அங்கே செய்தி போகவில்லை, அவ்வளவுதான். மனிதனுக்கு மற்றவன் கஷ்டம் தெரிந்தால் இரங்குகிறான்; தெரியாவிட்டால் ஹாரன் அடிக்கிறான். ஆகவே அன்பு வானத்திலிருந்து சொட்டுகின்ற பொருளல்ல. அறிவிப்பாலும் முயற்சியாலும் பெருகுகின்ற பொருள். பிரசாரம் என்று நாம் சொல்லுவது இதைத்தான்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. தம்முடைய பேரைப் போட்டுச் சாமான் விற்க வந்த வியாபாரிகளை அவர் ஒப்புக் கொள்ளவில்லை. இந்த ஓட்டத்தால் யாரும் லாபம் அடையக் கூடாது, வந்த பணம் ஆராய்ச்சிக்கே போக வேண்டும் என்று பிடிவாதமாய் இருந்தார். ஜனங்கள் நம்பிக் கொடுத்ததற்கு இது ஒரு முக்கிய காரணமாகும். நம் நாட்டில் உண்டியலில் போட்ட பணம் எங்கே போகிறது என்று கேட்டால் "நாஸ்திகன்" என்கிறார்கள். அந்த வாலிபரோ கேட்பதற்கு முன்பே பணம் எங்கே போகிறது என்று சொன்னார்.

143 நாட்களில் 5,373 கிலோ மீட்டர் வந்தார். செப்டம்பர் 1-ந் தேதி தண்டர் பே என்ற பட்டணத்துக்கு அருகில் மூச்சுத் திணறி நின்றார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. தேசமெங்கும் பிரார்த்தனை நடந்தது. போப்பாண்டவரும் அவருக்காகப் பிரார்த்திப்பதாய்த் தந்தி கொடுத்தார். 1981 ஜூன் 28-ந் தேதி, 23 வயது நிரம்புவதற்கு முன்பே அவர் இறந்து போனார். பிரார்த்தித்தவர்களின் நல்லெண்ணத்தை நாம் குறை சொல்லவில்லை. அந்த வாலிபரின் சொந்த மத நம்பிக்கை எதுவாயிருந்தாலும் அதிலும் நமக்கு வழக்கில்லை. பலனைத்தான் பார்க்கச் சொல்லுகிறோம். பிரார்த்தனை அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் வழிப்போக்கர்கள் கொடுத்த டாலர், 1981 பிப்ரவரி மாதத்திலேயே 2 கோடியே 41 லட்சமாய்ச் சேர்ந்துவிட்டது. அப்போது அந்தத் தேசத்தின் ஜனத்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அவர் பெயரால் வருஷந்தோறும் பல தேசங்களில் நடக்கும் ஓட்டங்களில் இதுவரை சேர்ந்தது 80 கோடி டாலருக்கு மேல். இன்று அதே எலும்புப் புற்றுநோய் கண்ட அநேகருக்குக் காலை எடுக்காமலே வைத்தியம் செய்ய முடிகிறது. பலவிடத்து ஆராய்ச்சியின் பயன் அது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். விருந்தோம்பலில் நமக்கு நிகர் யாருமில்லை என்று மேடை தோறும் பேசுகிறோம். சத்திரமும் சாவடியும் தண்ணீர்ப் பந்தலும் நம் நாட்டில் இருந்த அளவுக்கு வேறு எங்கே இருந்தன என்று கேட்கிறோம். இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் யாருக்காக இருந்தன? பெரியார் ஈ.வெ.ரா. 1904-ல் காசிக்குப் போய், பசியோடு ஒரு சத்திரத்துக்குச் சாப்பிடப் போனபோது, பிராமணர் அல்லாதார் என்று வெளியே தள்ளப்பட்டதையும், அந்தச் சத்திரத்தைக் கட்டியவரே பிராமணரல்லாத ஒரு தமிழ்நாட்டு வணிகர் என்று கண்டதையும், கடைசியில் தெருவில் விழுந்த எச்சிலிலையில் இருந்ததைத் தின்று பசி ஆறியதையும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். பணம் நம்முடையது, அரிசி நம்முடையது, வாசற்படியில் நிற்பதும் நாமே! இதுவா விருந்தோம்பல்?

இதற்குக் காரணம் என்ன? சோறு போட்டவன் பசியைப் பார்த்துப் போடவில்லை, புண்ணியத்தைப் பார்த்துப் போட்டான். யாருக்குப் போட்டால் எவ்வளவு புண்ணியம் என்று சாஸ்திரம் விலைப்பட்டியல் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் மேலே இருக்கிறவனுக்கு வயிறு நிறைந்திருந்தாலும் போடு; கீழே இருக்கிறவன் வயிறு ஒட்டிக் கிடந்தாலும் போடாதே என்பதே அதன் சாரம். இப்படிப் போடுவது அன்பாகுமா? மேலுலகத்தில் வட்டி வாங்குவதற்காக இங்கே கொடுக்கும் கடன் அல்லவா அது?

அதெல்லாம் பழங்கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லுகிற தோழர்கள் இருக்கிறார்கள். மாறியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஓட்டலில் "பிராமணாள்" பலகையும், ரயில்வே சிற்றுண்டிச் சாலையில் தனித்தனி இடமும் போயின. அவை தாமாகப் போகவில்லை, போராடிப் போக்கினோம். ஆனால் இன்றைக்கும் ஒரு காரியத்தைச் சோதித்துப் பாருங்கள். ஒரு வாலிபன், ஒரு காலில்லாதவன், ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டக் கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை கையில் காசில்லாமல் நடந்து வருகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். எத்தனை ஊர்களில், "எந்த ஊர் தம்பி? எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?" என்ற மூன்று கேள்விக்குப் பிறகுதான் இலை போடுவார்கள்? அவன் சேரித் தெருவைச் சொன்னால், திண்ணையில் உட்காரச் சொல்லுகிறவர்கள் எத்தனை பேர்? இரட்டைக் குவளை வைத்திருக்கின்ற டீக்கடை இன்னும் சில ஊர்களில் இருக்கிறது என்பதை யாராவது மறுக்க முடியுமா? அந்த வாலிபனுக்குப் பதிலாக ஒரு பெண் தனியாக நடந்து வந்தால், இரவில் பயமின்றிப் படுக்கின்ற இடம் அவளுக்கு எத்தனை ஊர்களில் கிடைக்கும்? பாதி ஜனங்கள் தனியே நடக்கப் பயப்படுகின்ற சாலை, அன்புள்ளவர்களின் சாலையாகுமா?

முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. 1938 ஆகஸ்டு 1-ந் தேதி திருச்சியிலிருந்து கிளம்பிய தமிழர் பெரும்படை, செப்டம்பர் 11-ந் தேதி சென்னை வந்து சேர்ந்ததே, அது எப்படி நடந்தது? பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் தொண்டர்களும் 42 நாட்கள் நடந்தார்கள். ஊர்தோறும் ஜனங்கள் சோறு போட்டார்கள். தங்க இடம் கொடுத்தார்கள். கட்டாய இந்தியை எதிர்க்க வந்தவர்கள் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்த அடையாளம். காரியம் இன்னது என்று விளங்கினால், நம் ஜனங்களும் எந்த நாட்டு ஜனங்களுக்கும் குறைந்தவர்களல்ல என்பதற்கு இது அத்தாட்சி.

இவ்வளவும் சொன்னபின் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வழிப்போக்கர்களின் அன்பு பெரிய காரியம்தான். ஆனால் நோயாளிக்கு வைத்தியம் என்பது அந்த அன்பை மாத்திரம் நம்பியிருக்கலாமா? 21 வயதுப் பையன் ஒருவன், ஒரு நல்ல காலும் ஒரு செயற்கைக் காலுமாய்த் தேசத்தின் குறுக்கே ஓடினால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் வரும் என்பது சர்க்காருக்குப் பெருமையா, சிறுமையா? நம் சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் 1954-ல் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டபோது, அதில் இருந்தவை 12 படுக்கைகள். பொதுஜனங்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அதை வளர்த்தார்கள். கொடுத்தவர்களை வாழ்த்துவோம். ஆனால் பிச்சையாய்க் கிடைப்பது நாளைக்கு நின்று போகலாம். உரிமையாய்க் கிடைப்பதுதான் நிலைக்கும். தர்மம் வழி காட்டட்டும். சர்க்கார் அந்த வழியில் சாலை போடட்டும்.

ஆகையால் தோழர்களுக்கு நாம் சொல்லுவது மூன்று. நடக்கிறவர்கள் எதற்காக நடக்கிறோம் என்பதையும், வந்த பணம் எங்கே போயிற்று என்பதையும் நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும். சோறு போடுகிறவர்கள் பசியைத் தவிர வேறெதையும் கேட்கக் கூடாது. சாப்பிட்டு எழுந்தவர்கள் வானத்தைப் பார்த்துக் கும்பிடாமல், அடுப்படியில் நிற்கிற அந்த அம்மாளைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். இந்த மூன்றும் வழக்கத்துக்கு வந்துவிட்டால், முன்பின் தெரியாதவனும் அச்சமின்றி நடந்து போகக்கூடிய நாடாக நம் நாடு ஆகிவிடும். அதைச் செய்ய எந்த அவதார புருஷனும் வரப் போவதில்லை. நம் ஊர்ச் சாலையில் நாளைக்கு வரப்போகிற வழிப்போக்கனிடமே அதைத் தொடங்கும்படி வேண்டிக் கொள்ளுகிறோம்.